பலாமரமும் படிமமும்

வணக்கம் ஐயா. கடலூர் முதுநகரில் இருக்கிறேன், முதுகலைத் தமிழ் படிக்கிறேன். உவமை, உருவகம், படிமம், குறியீடு எல்லாவற்றுக்கும் இலக்கணம் மனப்பாடம். ஆனால் ஒரு கவிதையைக் கையில் கொடுத்து விளக்கச் சொன்னால், பெயரைச் சொன்னதோடு நின்றுவிடுகிறேன். அதற்குமேல் என்ன எழுதுவது?
- ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பெயரைச் சொன்ன பிறகுதான் வேலையே தொடங்குகிறது. உங்கள் பக்கத்து மரத்தையே எடுத்துக்கொள்வோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தனவே, அதில் ஒரு பலா. 'சாய்ந்த பலாமரம் போல அப்பா திண்ணையில் கிடந்தார்' என்றால் உவமை. 'எங்கள் வீட்டுப் பலாமரம் திண்ணையில் கிடந்தது' என்று அப்பாவையே மரமாக்கிவிட்டால் உருவகம். அப்பா பேச்சையே எடுக்காமல், 'வேர் வானம் பார்த்துக் கிடக்க, ஒடிந்த கிளையில் பால் வடிந்துகொண்டிருந்தது' என்று மட்டும் எழுதி அந்தக் காலையைக் கண்முன் நிறுத்தினால் அது படிமம். குறியீட்டை மட்டும் இப்படி ஒரு வரியில் காட்ட முடியாது. அதே மரம் கதை நெடுக வந்து வந்து, அந்த வீட்டின் வாழ்வும் தாழ்வும் அதன்மேல் படிந்த பிறகுதான் அது குறியீடாகும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உவமைக்கு அடிப்படையாக வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று தொல்காப்பியம் சொல்லும் நான்கையும் பட்டியலாகப் படிக்காமல் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். 'மாசில் வீணையும் மாலை மதியமும் வீசு தென்றலும்' என்று அப்பர் அடுக்குகிறாரே, வீணைக்கும் ஈசன் திருவடி நிழலுக்கும் வடிவத்திலோ நிறத்திலோ என்ன ஒப்பு? ஒன்றும் இல்லை. எல்லாம் பயன்தான், அது தரும் சுகம்தான். காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, மேனிக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டே போய், எதைச் சொல்ல வந்தாரோ அதைக் கடைசி அடிக்கு வைத்திருக்கிறார். சுண்ணாம்புக் காளவாயில் அடைபட்டுக் கிடந்தபோது பாடியது என்பது மரபு. அந்த வெக்கையை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், 'இணையடி நீழலே' என்று முடியும் இடத்தில் எனக்கு இன்றும் உடம்பு குளிர்கிறது.

எந்தச் சொல்லில் அந்தக் குளிர்ச்சி வந்தது, அது ஏன் கடைசியில் வந்தது என்பதை எழுதுங்கள். 'உவமை' என்ற பெயர் அந்தப் பத்திக்குள் ஒரு தடவை வந்தால் போதும்.