க்யூட் ஒன்று, பல்கலைக்கழகங்கள் பல: கேள்வி பதில்

கேள்வி: மேடம், பொண்ணு க்யூட் எழுதிட்டா. டெல்லி, ஹைதராபாத், புதுச்சேரி மூணுலயும் சேர ஆசை. ரிசல்ட் வந்ததும் அவங்களே கூப்பிடுவாங்களா?

பதில்: கூப்பிட மாட்டார்கள். க்யூட் என்பது மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு. மதிப்பெண் தருவதோடு, அதை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் (என்டிஏ) வேலை முடிந்துவிடும். மூன்று பல்கலைக்கழகத் தளங்களிலும் தனித்தனியாகப் பதிவு செய்து, தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். டெல்லி பல்கலைக்கழகம் 2025இல் ரிசல்ட்டுக்கு முன்பே, ஜூனிலேயே பதிவைத் திறந்துவிட்டது. மூன்று தளங்களையும் தினமும் பாருங்கள்.

கேள்வி: சிபிஎஸ்இ, காமர்ஸ் வித் மேத்ஸ். பி.காம் ஹானர்ஸ், எகனாமிக்ஸ், பிஎம்எஸ் எது கிடைத்தாலும் சரி அக்கா. அஞ்சு பாடம்தான் எழுத முடியுமாமே?

பதில்: ஆமாம்பா, 2025 முதல் உச்சவரம்பு 5. ஆங்கிலம், கணிதம், அக்கவுண்டன்சி, எகனாமிக்ஸ், பொதுத் திறனறித் தேர்வு என்று எடு. டெல்லியில் உன் மூன்று படிப்புக்கும் இது போதும். பி.காம் ஹானர்ஸுக்கு ஒரு மொழி, கணிதம் அல்லது அக்கவுண்டன்சி, கூட இரண்டு பாடம். எகனாமிக்ஸ் ஹானர்ஸுக்குக் கணிதம் கட்டாயம். பிஎம்எஸ் என்ற மேலாண்மைப் படிப்புக்கு மொழி, கணிதம், பொதுத் திறனறித் தேர்வு.

ஒவ்வொரு தாளும் 60 நிமிடம், 50 கேள்வி. சரிக்கு 5, தவறுக்கு 1 கழியும். 'ஈஸி' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிளஸ் டூவில் படிக்காத பாடத்தை எழுதிவிடாதே. எவ்வளவு எடுத்தாலும் டெல்லி அதைக் கணக்கில் சேர்க்காது. பலர் விழுவது இங்கேதான்.

கேள்வி: எம்பிசி சாதிச் சான்றிதழ் கையில் இருக்கு. போதும்தானே?

பதில்: போதாதுங்க. மத்தியப் பல்கலைக்கழகங்கள் கேட்பது மத்திய அரசுப் படிவத்தில் உள்ள ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வரவில்லை என்ற குறிப்போடு. டெல்லியில் அது அந்த ஆண்டு மார்ச் 31க்குப் பிறகு வாங்கியதாகவும் இருக்க வேண்டும். முதலில் உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏப்ரலிலேயே இ-சேவையில் விண்ணப்பித்துவிடுங்கள். தாலுகா ஆபீஸில் நாள் இழுக்கலாம்.

கேள்வி: டெல்லியில் விருப்பப் பட்டியலில் பதினோராவதா போட்ட கல்லூரி கிடைச்சிருக்கு. விட்டுட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், விடாதீர்கள். கெடுவுக்குள் ஏற்காவிட்டால் அடுத்தடுத்த சுற்றுகளிலும் பெயர் வராது. ஏற்று, கல்லூரி ஒப்புதல் தந்ததும் பணம் கட்டி, மேல் விருப்பத்துக்கு முயலும் 'அப்கிரேட்' கொடுங்கள். 'ஃபிரீஸ்' கொடுத்தால் அதே இடம்தான். ஆனால் அப்கிரேட் கொடுத்து மேல் விருப்பம் கிடைத்தால் பழைய இடம் தானாகவே போய்விடும். பிடிக்காத கல்லூரியைப் பட்டியலில் மேலே வைக்கவே கூடாது.

கேள்வி: புதுச்சேரியில் சேர்ந்த பிறகு டெல்லி கிடைத்தால்?

பதில்: விலகிக்கொள்ளலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இலேயே சொல்லிவிட்டது. 2024-25இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியையும் திருப்பித்தரச் சொன்னது. உங்கள் ஆண்டுக்கான தேதியைப் பார்த்து, விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.