கிடாரியை விற்கலாமா?

அன்புள்ள ஐயா,
கோபி பக்கம் எங்கள் கட்டுத்தரையில் ஒரு ஜெர்சி கலப்பு மாடும் அதன் கிடாரியும் நிற்கின்றன. தாய்க்கு இரண்டு ஈத்திலும் மடிநோய் வந்து ஒரு காம்பு போய்விட்டது. "வம்சத்துலயே இருக்குது, கிடாரியச் சந்தைக்கு ஓட்டிருங்க" என்கிறார்கள். மடிநோய் பரம்பரையாக வருமா?
ஒரு வாசகி

அன்புள்ள அம்மணி,
அந்த ஒரு காரணத்துக்காக விற்காதீர்கள். மடிநோயைத் தருவது காம்புத் துளை வழியாக நுழையும் கிருமி. தாய் வழியாக வருவது அதை எதிர்க்கும் திறனில் ஒரு பங்குதான். மாட்டுக்கு மாடு நோய் வருவதிலுள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கு நூற்றுக்கு 10-க்கும் கீழே என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. மீதியெல்லாம் ஈரத் தரை, கறக்கும் கை, மாட்டின் வயது, தீவனம். போதாததற்கு, கிடாரிக்குப் பாதி மரபணு காளையிடமிருந்து வந்தது. அந்தக் காளையின் மற்ற மகள்களின் மடி எப்படி என்று உங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்?

சின்னப் பங்குதானே என்று விட்டுவிடவும் முடியாது. நார்வேக்காரர்கள் 1978 முதல் காளைத் தேர்வில் மடிநோயையும் கணக்கில் எடுக்கிறார்கள். எந்த மாட்டுக்கு எப்போது வைத்தியம் நடந்தது என்று நாடு முழுக்கப் பதிவு இருப்பதால் அது முடிகிறது. இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் செய்கின்றன. அதனால் ஒரு மகளை வைத்துக் காளையை எடைபோட முடியாது, நூற்றுக்கணக்கான மகள்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். பாலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மடிநோயும் கூடவே ஏறும், மரபில் இரண்டுக்கும் அப்படி ஒரு தொடர்பு. நாமோ சினை ஊசி போடும்போது "எத்தனை லிட்டர் கறக்கும்?" என்று மட்டும்தான் கேட்கிறோம். எனக்கு இதுதான் பெரிய கவலை.

காங்கேயம் மாட்டுக்கு மடிநோய் குறைவு என்பார்கள். சரிதான், ஆனால் அதற்குக் கறவை குறைவு, கன்று மடியில் ஊட்டுகிறது என்பவையும் காரணமா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மடியின் அமைப்பு நோயைவிட நன்றாகவே வழிவழியாக இறங்கும். கிடாரி கன்று போட்டதும் பாருங்கள். மடி பின்னங்கால் முட்டிக்கு மேலே நின்றால் நல்லது. கறந்ததும் காம்புகளை மருந்துக் கரைசலில் முக்கிவிட்டு, தின்னச் சோளத்தட்டுப் போட்டு அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். துளை மூடுவதற்குள் மாடு படுத்தால் கிருமி ஏறிவிடும். அப்புறம், சினை ஊசிக்கு விந்து அடைத்து வரும் குச்சியில் காளையின் எண் அச்சிட்டிருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே மடிநோய் வந்த தேதியையும் குறித்து வாருங்கள். பால் சொசைட்டிக்கு ஊற்றும் மற்றவர்களும் எழுதினால், எந்தக் காளையின் மகள்கள் தாக்குப்பிடிக்கின்றன என்று டாக்டரிடம் காட்டிக் கேட்கலாம்.