சமையலறையில் கூரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஃபால்ஸ் சீலிங் போட்டுச் சமப்படுத்திவிடலாமா?

இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். சமையலறையைப் புதுப்பிக்கிறோம், ஒரு பக்கம் கூரை சாய்ந்து இறங்குவதால் அந்தச் சுவரில் மேல் அலமாரி மாட்ட முடியாது என்கிறார்கள், ஃபால்ஸ் சீலிங் போட்டுச் சமப்படுத்தலாமா என்பது ஒன்று. சாய்வுக்கு என்ன நிறம் அடிப்பது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில்: போடாதீர்கள். இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது கூரைக்கு நேர் கீழே இருக்கிற மேல்தள அறை என்று தோன்றுகிறது. ஏற்கெனவே யாரோ வந்து, அண்ணாந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். சமையலறை அலமாரி செய்யும் நிறுவனத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அதைத்தான் செய்தார். "இது குறையுள்ள ரூம் சார், முதல்ல சீலிங்கைச் சரி பண்ணணும்" என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அறையில் ஒரு குறையும் இல்லை. அவரிடம் இருந்த பெட்டிகளுக்கு அந்த அறை பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஃபால்ஸ் சீலிங் என்ன செய்யும் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். உயரமான பக்கத்தைக் கீழே இறக்கும். தாழ்ந்த பக்கத்தை ஒரு விரற்கடைகூட மேலே ஏற்றாது. எங்கள் அறையின் கணக்கையே சொல்கிறேன். தாழ்ந்த பக்கச் சுவர் 150 செ.மீ. உயரம். அங்கிருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் கூரை 70 செ.மீ. ஏறுகிறது, அதாவது ஏறக்குறைய 35 டிகிரி சாய்வு. அவர் சொன்னபடி 220 செ.மீ. உயரத்தில் தட்டையாக ஜிப்சம் பலகை அடித்தால், அது சுவரிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளித்தான் சாய்வைத் தொடும். அந்த ஒரு மீட்டருக்குள்தான் மேடையும் வரும், மேடை முன் நிற்கும் ஆளும் வருவார். அங்கே சாய்வு அப்படியேதான் இருக்கும்! பிரச்சினை இல்லாத பக்கத்தைக் குள்ளமாக்கிவிட்டு, பிரச்சினை உள்ள பக்கத்தைத் தொடாமல் விடுவதற்குப் பெயர் சரிசெய்வதா?

"அப்படியானால் தாழ்ந்த பக்கத்தில் ஒரு மீட்டர் தள்ளிப் புதுச் சுவர் எழுப்பி மூடிவிடலாம்" என்பார்கள். மூடலாம். தரை போய்விடும். எங்கள் அறையின் அகலமே 260 செ.மீ. அதில் 100 போனால் மிச்சத்தில் இரண்டு பக்கமும் மேடை வைக்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. சமைக்கும்போது சூடும் நீராவியும் சாய்வை ஒட்டியே மேலேறி உயரமான பக்கத்துக்குப் போகும். அந்த உயரம் இருப்பதால்தான் நம் முகத்தருகே புழுக்கம் குறைகிறது. பலகையால் அதை மூடினால் சூடு தலைக்கு மேலேயே தங்கும். விளக்குத் துளைகள், இணைப்பு இடுக்குகள் வழியாக ஈரம் பலகைக்கு மேலே போய், கூரையின் அடிப்புறம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் அங்கே நீர்த்துளியாகப் படியும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூஞ்சை பிடித்தால் கறை கீழே இறங்கிய பிறகுதான் நமக்குத் தெரியும்.

நான் பொறியாளர் இல்லை. தட்டையான கூரை கண்ணுக்குச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் இருப்பார்கள், அது அவரவர் விருப்பம். மின்கம்பி, குழாய் போன்றவற்றை மறைக்க வேண்டிய கட்டாயம் இருந்து, நல்ல உயரமும் மிச்சம் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சாய்வைச் சரிசெய்ய அது வழி இல்லை என்பதுதான் நான் சொல்வது.

சரி, என்ன செய்யலாம்? அலமாரியிலிருந்து தொடங்காதீர்கள், தலையிலிருந்து தொடங்குங்கள். நாங்கள் தரையில் டேப் ஒட்டி மேடையின் முன்விளிம்பைக் குறித்தோம். அந்த இடத்தில் மேடை உயரத்துக்கு ஒரு பழைய மேசையை முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். பிறகு ஒருவர் கழுவுவதுபோலவும் நறுக்குவதுபோலவும் குனிந்து நிமிர, இன்னொருவர் தலைக்கும் கூரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பக்கத்திலிருந்து பார்த்தோம். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது பெரும்பாலும் என் கணவர். அவர் உயரம் 180 செ.மீ. மேடையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் 60 செ.மீ. தள்ளி முன்விளிம்பு, அங்கே கூரை 192 செ.மீ. நிமிரும்போது முட்டாது, ஆனால் முட்டிவிடுமோ என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டே நின்றார். மேடையை 20 செ.மீ. முன்னுக்கு இழுத்தோம். முன்விளிம்பில் கூரை 206 ஆனது. தோள் தளர்ந்துவிட்டது.

பின்னால் கிடைத்த அந்த 20 செ.மீ. வீணாகவில்லை. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் அதற்குள் ஓடுகின்றன, சுவரை எங்குமே வெட்டவில்லை. மேலே மேடைக் கல்லையே சுவர்வரை நீட்டிவிட்டோம், டப்பாக்கள் வரிசையாக நிற்க இடமாயிற்று. எதிர்ப்பக்க மேடை 60 செ.மீ. போக நடுவில் 120 செ.மீ. நடைவழி கிடைத்தது. இரண்டு பேர் முதுகோடு முதுகு உரசாமல் நிற்கலாம். உங்கள் அறை இதைவிடக் குறுகலாக இருந்தால் நடைவழி 90 செ.மீ.க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிராயரை இழுத்துவிட்டு நிற்கவும் இடம் வேண்டும்.

அடுப்பைச் சாய்வுக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள். கேஸ் அடுப்புக்கு மேலே சிம்னி பொதுவாக 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் வர வேண்டும், துல்லியமான அளவு சிம்னியோடு வரும் கையேட்டில் இருக்கும். எங்கள் மேடை உயரம் 88 செ.மீ. சுவரோடு ஒட்டிய மேடையில் அடுப்பின் நடுப்பகுதிக்கு நேர் மேலே கூரை 171 செ.மீ.தான். அதில் மேடையின் 88-ஐயும் இடைவெளிக்கான 75-ஐயும் கழித்தால் சிம்னிக்கு 8 செ.மீ. மிஞ்சும். எந்தச் சிம்னி அதில் நுழையும்? இதையெல்லாம் பார்க்காமல்தான் அந்த நிறுவனம் கொடுத்த வரைபடத்தில் அடுப்பைச் சாய்வின் கீழே போட்டிருந்தார்கள். அடுப்பை எதிரே உயரமான சுவருக்கு மாற்றினோம், சிங்க்கைச் சாய்வின் கீழே வைத்தோம். புகைக்குழாயைக் கூரையைத் துளைக்காமல் பக்கச்சுவர் வழியாக நேராக வெளியே விட்டோம். கூரையில் போடுகிற ஒவ்வொரு துளையும் பின்னால் ஒழுக வாய்ப்புள்ள இடம். குழாயில் வளைவு கூடக்கூட இழுக்கும் திறனும் குறையும்.

சாய்வில் ஏற்கெனவே கூரை ஜன்னல் இருந்தால் சிங்க்கை அதற்குக் கீழே வைப்பது அருமையாக இருக்கும். மேடைக்கு மேலே எட்டிக் கைப்பிடியைப் பிடிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். குளிர்ந்த கண்ணாடியில் நீராவி படிந்து கீழ்ச்சட்டத்தில் வழியும், அந்த இடத்தில் மரம் வேண்டாம்.

மேல் அலமாரி? எங்கள் தாழ்ந்த சுவரில் மேடைக்கு மேல் 50 செ.மீ. விட்டால் மிஞ்சுவது 12 செ.மீ. அந்தப் பேச்சை அன்றே விட்டுவிட்டோம். "மேல் அலமாரி இல்லாமல் சாமானை எங்கே வைப்பீர்கள்" என்று கேட்காத ஆள் இல்லை. மேல் அலமாரியின் ஆழம் 30, 35 செ.மீ.தான். கீழே 60. அங்கே கதவும் தட்டும் போட்டால் பின்பாதி குகைதான், முழுவதும் வெளியே வரும் டிராயராகப் போட்டால் கடைசி டப்பாவரை கைக்கு வரும். மேலேயிருந்து இழந்ததை அதிலேயே மீட்டுவிடலாம். மிச்சத்துக்குப் பக்கச்சுவரில், கூரையின் சரிவு கோடாகத் தெரிகிறதே அந்தச் சுவரில், தரையிலிருந்து கூரைவரை ஒரு நெட்டை அலமாரி வைத்தோம்.

அந்த அலமாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எழுதுவதில்லை. மேல்விளிம்பைச் சரிவுக்கு ஏற்பச் சாய்வாக வெட்டிய கதவு என்றால், கீல் உயரமான பக்கத்தில்தான் வர வேண்டும். அந்த நிறுவனத்தின் வரைபடத்தில் தாழ்ந்த பக்கத்தில் இருந்தது. எங்கள் தச்சர் வாதாடவே இல்லை. பழைய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, சாய்வாக வெட்டி, சுவரில் கூரையை ஒட்டிப் பிடித்தார். தாழ்ந்த ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு மற்ற ஓரத்தை இழுத்தார். கொஞ்சம் நகர்ந்ததுமே அட்டையின் உயரமான முனை கூரையில் இடித்து மடங்கியது. பிறகு உயரமான ஓரத்தை அழுத்திக்கொண்டு தாழ்ந்த ஓரத்தை இழுத்தார். அட்டை எதிலும் படாமல் முழுசாகத் திறந்தது. காரணம் எளிது: திறக்கும்போது கதவின் ஓரம் கீல் பக்கமாக நகர்கிறது, உயரமான ஓரம் தாழ்ந்த கூரைக்கு அடியில் போக வழியில்லை. நேர்விளிம்புக் கதவு என்றாலும் கீலை உயரமான பக்கம் வைப்பதே நல்லது, 90 டிகிரிக்கு மேல் திறந்தாலும் இடிக்காது. ஃபிரிட்ஜ் கதவுக்கும் இதே கணக்கைப் பாருங்கள்.

வீட்டுக்கு வருகிறவரெல்லாம் சமையலறையைப் பார்த்து "யார் டிசைன்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தத் தச்சரின் எண்ணை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. விலை பேச வந்தவர்கள், அளவெடுக்க வந்தவர்கள், புகார் கேட்க வந்தவர்கள் எல்லோரும் என் கணவர் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். கேள்வி கேட்டது நான், பதில் போனது அவருக்கு. பணம் என் கணக்கிலிருந்து போனது, கையெழுத்தும் என்னுடையது, ரசீதில்கூட அவர் பெயர். வங்கியிலும் இதே கதை, கார் வாங்கப் போன இடத்திலும் இதே கதை. அவரே இரண்டு மூன்று முறை "அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார், அப்போதும் மாறவில்லை. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சமையலறையில் நிற்கப்போவது யாரோ அவரிடம் பேசாதவர்களுக்கு மேடை உயரம் எப்படித் தெரியும்?

அளவெடுப்பதற்கு வருகிறேன். சாய்ந்த கூரை நேராக இருக்கும் என்று நம்பவே கூடாது. இரண்டு முனையிலும் நடுவிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். எங்களுடையது நடுவில் 2 செ.மீ.க்கு மேல் தொய்ந்திருந்தது. ஒரே இடத்தில் அளந்து தொழிற்சாலையில் வெட்டி அனுப்புகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அலமாரியைக் கூரைக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தி, இடைவெளிக்குத் தனியாக ஒரு பட்டையை அங்கேயே செதுக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். பட்டையைக் கூரையோடு ஒட்டிப் பிடித்து, கவராயத்தின் ஒரு காலைக் கூரையில் ஓட்டினால் மறுகாலில் உள்ள பென்சில் அதே நெளிவைப் பட்டையில் வரைந்துவிடும். அந்தக் கோட்டில் இழைத்தால் கத்தி நுழைய இடமில்லாமல் உட்காரும்.

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. உயரம் வேண்டும் என்று, கூரையைத் தாங்கும் எதிரெதிர் சாய்வு மரங்களை (கைமரங்களை) குறுக்கே இணைத்துப் பிடிக்கும் சட்டத்தை யாராவது வெட்டச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அந்தச் சட்டம் போனால் கூரைப் பாரம் சுவர்களை வெளிப்பக்கம் தள்ள ஆரம்பிக்கும்.

விளக்கு: சாய்வில் பதிக்கிற சாதாரண விளக்கு நேர் கீழே பார்க்காது, சாய்வுக்குச் செங்குத்தாகப் பார்க்கும். எதிரே நிற்பவர் கண்ணில் அடிக்கும். திருப்பி வைக்கக்கூடிய விளக்காக வாங்குங்கள், அல்லது மேடைக்குப் பின்னால் சுவரிலேயே பட்டை விளக்கு ஒட்டிவிடுங்கள். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம், நறுக்கும் இடத்தில் நிழலே விழுவதில்லை.

இனி நிறம். சாய்வுக்கும் அதன் கீழ்ச்சுவருக்கும் ஒரே வெளிர் நிறம் அடியுங்கள். வேறுவேறு நிறம் அடித்தால் 150 செ.மீ.யில் ஒரு கோடு விழுந்து, சுவர் எவ்வளவு குட்டை என்பதுதான் முதலில் தெரியும். டைல்ஸையும் சாய்வு தொடங்கும் இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், சாய்வில் ஏற்ற வேண்டாம். சுவரும் சாய்வும் சேரும் மூலையில் பட்டி (putty) வைத்து அடைக்காமல், மேலே வர்ணம் பூசக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் போடச் சொல்லுங்கள். வெயிலுக்கும் குளிருக்கும் கூரை கொஞ்சம் அசையும், சீலன்ட் அதோடு சேர்ந்து நீளும். பட்டி நீளாது, விரிசல் விட்டுவிடும்.