கைபேசி ஆப்பா, கீபோர்டா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, போனில் பியானோ ஆப் போட்டு மிடி கீபோர்டு (எந்தக் கட்டையை அழுத்தினோம் என்ற தகவலை வேறு கருவிக்கு அனுப்புவது) இணைத்து வாசிக்கிறேன். கட்டையை அழுத்தி, கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. போன் மட்டமா?

பதில்: காதில் இருப்பது புளூடூத் ஹெட்செட் என்றால், முதலில் அதைக் கழற்றுங்கள். ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்க 150 முதல் 200 மில்லிசெகண்ட் போய்விடும். 120 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட்; தட்டை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரை 125. முழு மாத்திரைக்கு மேல் தள்ளிக் கேட்டால் யாராலும் தாளத்தில் நிற்க முடியாது. வயர் ஹெட்போன் மாட்டி, ஆப்பில் பஃபர் (ஒலியை எத்தனை சாம்பிளாகச் சேர்த்து அனுப்புவது என்ற அளவு) 128 வையுங்கள். 48,000 சாம்பிள் ரேட்டில் (செகண்டுக்கு இத்தனை சாம்பிள்) அது 2.7 மில்லிசெகண்ட்தான். ஒலி படபடவென்று வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள்.

கேள்வி: ஹெட்போனில் நிறைவாகக் கேட்ட ஐபேட் பியானோ, மேடை ஸ்பீக்கரில் தகரம் மாதிரி வந்தது. ஏன் சார்?

பதில்: வயரின் பின்னைப் பாருங்கள். இரு முனையிலும் இரண்டு கறுப்பு வளையம் இருந்து, அதை மிக்சரில் ஒரே சேனலில் செருகியிருப்பார்கள். மிக்சர் அதை பேலன்ஸ்டு லைன் (ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் அனுப்பும் முறை) என்று எடுத்துக்கொண்டு, இடது ஒலியிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒலி, முக்கியமாக பேஸ் என்ற கனமான கீழ் ஒலி, காணாமல் போகும். ஒரு ஸ்டீரியோ பின், இரண்டு மோனோ பின் உள்ள ஒய் வயர் வாங்கி இரண்டு சேனலில் கொடுங்கள். பேன் திருகை (ஒலியை இடம், வலம் தள்ளுவது) ஒரு சேனலில் முழு இடது, இன்னொன்றில் முழு வலது வையுங்கள். சார்ஜர் செருகியதும் இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் (எர்த் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ், அதாவது கருவிக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் பெட்டி, வேண்டும். ஏரோப்ளேன் மோட் போடாமல் மேடை ஏறவே கூடாது.

கேள்வி: ஒரு கட்டை (C) சுருதியில் பாடுகிறேன். தம்பூரா ஆப் போதுமா, சுருதிப் பெட்டி வாங்கட்டுமா?

பதில்: ஆப் போதும், போன் ஸ்பீக்கர் போதாது. உங்கள் ஆதார ஸ 130.8 ஹெர்ட்ஸ், அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள மந்தர ஸ 65.4. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் மேல் ஒலிகள் மட்டுமே எழும். வெளி ஸ்பீக்கர் இணையுங்கள். சுருதிக்குத் தாமதம் பொருட்டே இல்லை, புளூடூத் தாராளமாகப் போதும்.

கேள்வி: பழைய கீபோர்டை விற்றுவிட்டு ஐபேட் மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: விற்காதீர்கள். பின்புறம் ஐந்து முள் மிடி அவுட் இருந்தால், ஒரு யுஎஸ்பி மிடி வயரில் ஐபேடோடு சேர்ந்துவிடும். கீபோர்டில் லோக்கல் ஆஃப் செய்யுங்கள் (அதன் சொந்தச் சத்தம் நின்றுவிடும்), இல்லாவிட்டால் இரண்டு சத்தமும் சேர்ந்து கேட்கும். கமகத்துக்கும் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கும்) கீபோர்டில் உள்ள பிட்ச் வீல், அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரம்தான், கை கொடுக்கும்: விட்டதும் நடுவுக்குத் திரும்பும், கண்ணாடித் திரையில் விரலுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. ரேஞ்ச், அதாவது சக்கரம் எத்தனை அரை ஸ்வரம் (செமிடோன்) நகர்த்தும் என்பது, 2 போதும். 12 வைத்தால் நூலளவு அசைவிலேயே ஸ்வரம் தாண்டிவிடும்.