டாலர் நோட்டிலேயே கடவுள் பெயர் இருக்கிறதே, அமெரிக்கா எப்படி மதச்சார்பற்ற நாடு? நம் பெரியார் இயக்கம் போல அங்கே ஏதாவது இருந்ததா?

முதலில் நோட்டைப் பார்ப்போம். பழைய நோட்டு சேகரிப்பவர் யாரையாவது தெரிந்தால் 1935 வரிசை ஒரு டாலர் ஒன்றும், 1957 வரிசை ஒன்றும் வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 1935இல் நடுவில் 'ஒன்' என்ற பெரிய எழுத்து மட்டும் இருக்கும். 1957இல் அதன் தலைக்கு மேலே 'கடவுளை நம்புகிறோம்' என்ற வரி ஏறியிருக்கும். '1935 ஜி' என்ற உட்பிரிவில் மட்டும் வரி உள்ளது, இல்லாதது இரண்டும் கிடைக்கும். வரிசையின் ஆண்டு என்பது அச்சடித்த ஆண்டு கிடையாது. அதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய.

அந்த வரியை எல்லா நோட்டிலும் நாணயத்திலும் போடவேண்டும் என்ற சட்டம் வந்தது 1955இல். அதுவே தேசிய வாசகம் என்று அறிவித்தது 1956இல். பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்ற சொற்களைச் செருகியது 1954இல். மூன்றும் பனிப்போரின் உச்சத்தில் நடந்தவை. சோவியத் நாத்திக நாடு, நாங்கள் அப்படியில்லை என்று காட்டவேண்டிய அவசரம். வேடிக்கை என்னவென்றால், 1892இல் அந்த உறுதிமொழியை எழுதிய ஃபிரான்சிஸ் பெல்லமி, பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையின் போதகர். அவர் எழுதியதில் கடவுள் இல்லை.

நாணயத்தில் வாசகம் இதைவிடப் பழையது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1861இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு போதகர் நிதியமைச்சர் சேஸுக்குக் கடிதம் போட்டார். 1864இல் இரண்டு சென்ட் காசில் அது வந்தது. 1907இல் தியோடர் ரூஸ்வெல்ட் புதிய தங்கக் காசுகளிலிருந்து அதை எடுத்தார். நாத்திகத்தால் இல்லை, காசில் கடவுள் பெயரைப் போடுவது தெய்வ நிந்தனைக்குப் பக்கத்தில் வருகிறது என்று நினைத்ததால். மறு ஆண்டே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்கெல்லாம் முந்தி, 1782இன் அரசு முத்திரையில் இருந்த வாசகம் 'பலவற்றிலிருந்து ஒன்று'. (அதே முத்திரையின் மறுபக்கத்தில் பிரமிடுக்கு மேல் ஒரு கண் இருக்கிறது, அது தெய்வத்தின் கண்தான். ஆகவே தொடக்கத்தில் எல்லாம் சுத்தமான பகுத்தறிவு என்று சொல்வதும் சரிவராது.)

சட்டத்துக்கு வருவோம். 1787 அரசியல் சட்டத்தில் கடவுள் என்ற சொல் எங்கும் கிடையாது. கடைசியில் தேதி போடும்போது 'நம் ஆண்டவரின் ஆண்டு' என்று அந்தக் கால வழக்கப்படி வருவதோடு சரி. எந்த மத்திய அரசுப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்கிறது ஆறாம் பிரிவு. குடியரசுத் தலைவர் 'சத்தியம் செய்கிறேன்' என்றும் சொல்லலாம், 'உறுதி கூறுகிறேன்' என்றும் சொல்லலாம். 1853இல் ஃபிராங்க்ளின் பியர்ஸ் இரண்டாவதைத்தான் சொன்னார். இன்று எல்லோரும் முடிவில் சேர்த்துக்கொள்ளும் கடவுள் துணை என்ற தொடர் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டதில்லை.

இது எப்படி நடந்தது என்பதற்கு வர்ஜீனியாவைப் பார்க்கவேண்டும். 1784இல் பாட்ரிக் ஹென்றி ஒரு மசோதா கொண்டுவந்தார்: கிறிஸ்தவ போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வரி. அந்தப் பணம் எந்தச் சபைக்குப் போகவேண்டும் என்று வரி கட்டுகிறவரே சொல்லலாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஜேம்ஸ் மேடிசன் 1785இல் அதற்கெதிராக ஒரு விண்ணப்பம் எழுதினார். இன்றைக்கு மூன்று பென்ஸ் கட்டு என்று கட்டாயப்படுத்த முடிந்த அரசு, நாளைக்கு எதை வேண்டுமானாலும் கட்டாயப்படுத்தும் என்பது அதன் சாரம். மேடிசனுக்குக் கை கொடுத்தவர்கள் நாத்திகர்கள் இல்லை, பாப்டிஸ்ட்கள். உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக அவர்களுடைய போதகர்கள் அதே வர்ஜீனியாவில் சிறைக்குப் போயிருந்தார்கள். மசோதா செத்தது. ஜெஃபர்சன் எழுதிவைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டம் 1786 ஜனவரியில் நிறைவேறியது. தன் கல்லறையில் பொறிக்கச் சொன்ன மூன்று சாதனைகளில் இதைச் சேர்த்த ஜெஃபர்சன், குடியரசுத் தலைவராக இருந்ததைச் சேர்க்கவில்லை.

அமெரிக்க மதச்சார்பின்மையின் சூட்சுமம் இந்தக் கூட்டணிதான். அரசு தொட்டால் மதம் கெட்டுவிடும் என்று பயந்த பக்தரும், மதம் தொட்டால் அரசு கெட்டுவிடும் என்று பயந்த பகுத்தறிவாளரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நம்மூரில் மதச்சார்பின்மையையும் நாத்திகத்தையும் ஒன்றாகப் பார்த்துப் பழகியதால் இது சட்டென்று பிடிபடாது.

அடுத்தது பலர் சறுக்கும் இடம். அரசு மதத்தை நிறுவவும் கூடாது, வழிபாட்டைத் தடுக்கவும் கூடாது என்ற 1791இன் முதல் திருத்தம் காங்கிரஸை மட்டுமே கட்டுப்படுத்தியது, மாநிலங்களை இல்லை. மாசசூசெட்ஸில் சபைக்கு வரி 1833 வரை இருந்தது. அதே மாநிலத்தில் ஆப்னர் நீலண்ட் என்ற பத்திரிகை ஆசிரியர் தெய்வ நிந்தனைக்காக 1838இல் 60 நாள் சிறையில் இருந்தார். ஆகவே 19ஆம் நூற்றாண்டு நிகழ்வு ஒன்றைச் சொல்லி முதல் திருத்தம் மீறப்பட்டது என்று யாராவது வாதாடினால், அது மாநிலம் செய்ததா, மத்திய அரசு செய்ததா என்று முதலில் கேளுங்கள். இந்தத் திருத்தத்தின் மதப் பகுதிகள் மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1940இலும் 1947இலும்தான்.

இயக்கம் இருந்ததா என்றால், பெரிதாகவே இருந்தது. பைபிளை விமர்சித்து எழுதிய தாமஸ் பெயின் விதை போட்டவர். 1809இல் அவர் இறந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த முப்பது ஆண்டுகள்தான் பொற்காலம். அதன் நாயகன் ராபர்ட் இங்கர்சால். போதகர் மகன், போரில் குதிரைப்படை கர்னல், இல்லினாய்ஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர், குடியரசுக் கட்சிக்காரர். ஊர் ஊராகப் போய் டிக்கெட் வைத்துப் பேசினார், அரங்குகள் நிரம்பின. 1887இல் நியூஜெர்சியின் மாரிஸ்டவுனில் சி. பி. ரெனால்ட்ஸ் என்ற முன்னாள் போதகர்மீது தெய்வ நிந்தனை வழக்கு வந்தபோது வாதாடப் போனவர் இவர்தான். ரெனால்ட்ஸின் கூட்டக் கூடாரத்தை ஏற்கெனவே ஒரு கும்பல் நாசம் செய்திருந்தது. ஆனால் கூண்டில் நின்றது கும்பல் இல்லை, பேச்சாளர். இங்கர்சால் தரப்பு தோற்றது. தண்டனை 25 டாலர் அபராதமும் செலவும். வழக்கு ஜெயித்த பக்கத்துக்குத்தான் அது அவமானமாக முடிந்தது என்பேன்.

கேட்டவர் பெரியாரைச் சொன்னதால் இது: தொடர்பு உண்மையிலேயே உண்டு. சுயமரியாதை இயக்கத்தார் இங்கர்சாலைத் தமிழாக்கி வெளியிட்டார்கள். திராவிட இயக்க மேடைகளில் அவர் பெயர் புழங்கியது. அதற்கும் முன்னால் 1880களில் சென்னை இலௌகிக சங்கம் 'தத்துவ விவேசினி' என்ற பகுத்தறிவு இதழை நடத்தியது.

பொற்காலம் ஏன் முடிந்தது? 1899இல் இங்கர்சால் போனார், அந்த அளவுக்கு இன்னொரு குரல் வரவில்லை. 1917 ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நாத்திகர் என்றாலே போல்ஷ்விக் (ரஷ்யக் கம்யூனிஸ்ட்) என்ற முத்திரை விழுந்தது. இயக்கம் மேடையிலிருந்து இறங்கியது. சண்டை நீதிமன்றத்துக்கு நகர்ந்தது.

அங்கே வென்ற வழக்குகளைப் பாருங்கள். 1962இல் நியூயார்க் பள்ளிகளுக்காக மாநில அதிகாரிகள் எழுதிய 22 சொல் பிரார்த்தனை செல்லாது என்று தீர்ப்பு. வழக்குப் போட்ட பெற்றோரில் யூதர்களும் இருந்தார்கள். 1963இல் தினமும் பைபிளின் பத்து வசனம் வாசிக்கச் சொன்ன பென்சில்வேனியா சட்டம் விழுந்தது. அந்தக் குடும்பம் யூனிடேரியன் கிறிஸ்தவக் குடும்பம். அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட பால்டிமோர் வழக்கைப் போட்டவர்தான் நாத்திகர், மேடலின் மரே. பைபிளை இலக்கியமாக, வரலாறாகப் பாடம் நடத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மாணவன் தன் பாட்டுக்குக் கும்பிடுவதை யாரும் தடுக்கவும் இல்லை.

இப்படிப்பட்ட வழக்குகள் பல தோற்பது கொள்கையில் இல்லை, வழக்குப் போடும் தகுதியில். நியூஜெர்சி பைபிள் வாசிப்பு வழக்கு 1952இல் கவிழ்ந்தது, பிள்ளை அதற்குள் பள்ளியை முடித்துவிட்டதால். 'கடவுளின் கீழ்' என்ற சொற்களை எதிர்த்த மைக்கேல் நியூடவ் வழக்கு 2004இல் கவிழ்ந்தது, மகள் சார்பில் வழக்காடும் உரிமை அவருக்கு இல்லை என்பதால். அதனால்தான் அனுபவமுள்ள அமைப்புகள் படிப்பு முடியப் பல வருஷம் இருக்கிற பிள்ளையாகப் பார்க்கிறார்கள், பெற்றோர் இருவரும் ஒரே மனதாக இருக்கிறார்களா என்று விசாரிக்கிறார்கள், பெயர் வெளிவராமலிருக்க அனுமதி கேட்கிறார்கள்.

வாதத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க அரசு எவ்வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதன்று என்ற 1797 திரிபோலி (வட ஆப்பிரிக்க நாடு) ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவை எல்லோரும் எடுத்துப் போடுவார்கள். செனட் ஒருமனதாக ஏற்றது உண்மை, அன்றைய குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டதும் உண்மை. ஆனால் அரபு மூலத்தில் அந்த வாசகம் இல்லை, 1805இன் மறு ஒப்பந்தத்திலும் இல்லை. எதிராளி விவரம் தெரிந்தவராக இருந்தால் அங்கேதான் பிடிப்பார். அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவைக் காட்டுங்கள், மத்திய அரசைப் பொறுத்தவரை அதில் ஓட்டை கிடையாது.

ஆறாம் பிரிவு மாநிலப் பதவிகளுக்குக் காவலாக இல்லாததை ஈடுகட்டியது 1961 தீர்ப்பு. கடவுள் இருக்கிறார் என்று உறுதி கூற மறுத்ததால் மேரிலாந்தில் ராய் டர்காசோவுக்கு நோட்டரி பதவி மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. செல்லாமல் போன அந்த நிபந்தனைகளை நீக்கச் சில மாநிலங்களுக்கு மனம் வரவில்லை. டெக்சாஸ் அரசியல் சட்டத்தில் இன்றும் இருக்கிறது: மதக் கருத்துக்காக எவரையும் பதவியிலிருந்து விலக்கக் கூடாது, அவர் ஒரு பரம்பொருள் இருப்பதை ஒப்புக்கொள்ளும் பட்சத்தில்.