ஈரோட்டில் இருந்துகொண்டு வெளியூர் மைக்ராஸ்கோப்பை இயக்க முடியுமா?

"ஈரோட்டில் எம்.எஸ்சி. படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் இல்லை. வேறு ஊரில் இருப்பதை இங்கிருந்தே இயக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியுங்க. பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்காரர்கள் செல்போனிலேயே கிணற்று மோட்டாரைப் போடுகிறார்களே, அதே சங்கதிதான். போனிலிருந்து போவது சின்னக் கட்டளை. வேலையைச் செய்வது அங்கிருக்கும் ஸ்டார்ட்டர். தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்துவதும் அதுதான். மைக்ராஸ்கோப்பை ஓட்டுவதும் அதன் பக்கத்துக் கணினியே. அதன் திரையை நெட் வழியாகப் பார்த்து ஃபோகஸை மாற்றுவீர்கள், உள்ளே வைத்திருக்கும் மாதிரியை (ஆராயும் பொருளை) நகர்த்துவீர்கள். கருவிக்குள் காற்றில்லாத வெற்றிடம் கெட்டால், படமெடுக்கும் எலெக்ட்ரான் கற்றையை நிறுத்தும் பாதுகாப்பு மட்டும் அங்கேயே இருக்க வேண்டும். நடுவில் நெட் அறுந்தால் யார் நிறுத்துவது?

கட்டளை அனுப்ப நிறைய டேட்டா தேவையில்லை. தாமதம்தான் தொல்லை: படம் அரை நொடி பிந்தினாலே ஃபோகஸ் தாண்டிப் போய்விடும்.

இதேபோல, லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கியை, பெங்களூரு அருகே ஹோசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறார்கள். ஆனால் நட்சத்திரத்தைக் கூரியரில் அனுப்ப வேண்டியதில்லை; உங்கள் மாதிரியை அனுப்பித்தான் ஆக வேண்டும். அதை அங்கே ஏற்றித்தர ஓர் ஆள் வேண்டும். அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே என்ன கருவி இருக்கிறது என்பதை மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம். தொலைவிலிருந்து இயக்க விடுவார்களா என்பதை மட்டும் தனியாகக் கேளுங்கள். சில இடங்களில் அவர்களே படமெடுத்து அனுப்பிவிடுவார்கள்.