பாரின்னு பேர் வைக்கலாமா?

கேள்வி: பையன் பொறந்திருக்கான், பாரின்னு வைக்கலாம்னு நானும் வீட்டுக்காரரும் பேசி வெச்சிருக்கோம். மாமியார்தான் "ரெண்டெழுத்துல என்னம்மா பேரு, வாய் நெறைய கூப்பிட வேணாமா"ங்கிறாங்க. இந்தப் பேரோட கதை என்ன சார்? சென்னை பாரிமுனை இவர் பேருலதானா?

பதில்: தாராளமா வைங்கம்மா. பாரிமுனைக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்ல, அது தாமஸ் பாரிங்கிற வேல்ஸ்கார வியாபாரி, 1780கள்ல மெட்ராஸ் வந்து கம்பெனி ஆரம்பிச்சவர்.

நம்மாளு சங்ககாலத்துப் பறம்பு மலைத் தலைவர், அந்த மலைதான் சிவகங்கை மாவட்டத்துல இருக்கற பிரான்மலைன்னு சொல்றாங்க. முல்லைக்கொடிக்குத் தேர் குடுத்த கதை எல்லாருக்கும் தெரியும், சிறுபாணாற்றுப்படையிலேயே இருக்கு, ஆனா எனக்கு என்னமோ அதைவிட மூவேந்தரும் சேர்ந்து பறம்பை முற்றுகை போட்டப்ப பாரியோட நண்பரான புலவர் கபிலர் சொன்னதுதான் ரொம்பப் பிடிக்கும். இந்த நாட்டுல 300 ஊரு, 300ஐயும் கேட்டு வந்தவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க, மிச்சம் நானும் பாரியும்தான், பாடிக்கிட்டு வந்தீங்கன்னா மலையும் உங்களுக்கேங்கிறார் (புறநானூறு 110). எதிரிகிட்ட பேசுற பேச்சா இது! அப்புறம் பாரி இறந்து போனதும் அவர் பொண்ணுங்க பாடின 'அற்றைத் திங்கள்' 112வது பாட்டு, அதை நீங்களே தேடிப் படிங்க.

ரெண்டெழுத்துப் பேருங்க அப்பவே சகஜம்தான், கடையெழு வள்ளல்கள்லயே காரி, ஓரி, ஆய் எல்லாம் இருக்காங்க. அதெல்லாம் இப்ப அவ்வளவா காதுல விழறதில்ல, பாரி மட்டும் நிக்குது, நெடிலோட ஆரம்பிக்கறதால தெரு முனையிலேருந்து கூப்பிட்டாலும் "பாஆஆரி"ன்னு இழுக்க வசதியா இருக்கு, செல்லமா சுருக்கவும் அதுல ஒண்ணும் இல்ல.

மாமியாருக்கு வாய் நெறைய வேணும்னா ரெண்டு தடவை கூப்பிடச் சொல்லுங்க, கபிலரே புறநானூறு 107வது பாட்டை "பாரி பாரி"ன்னுதான் ஆரம்பிக்கிறார். புலவர்லாம் இவன் ஒருத்தனையே புகழ்றாங்களே, உலகத்தைக் காப்பாத்த மாரின்னு மழையும் ஒண்ணு இருக்கேன்னு பொய்யா அலுத்துக்குவார் பாருங்க, கிண்டலா புகழ்றதுல அவரை மிஞ்ச ஆளில்ல.

ஒண்ணே ஒண்ணு, இங்கிலீஷ்ல எழுதறப்ப ரெண்டு 'ஏ' போட்டுடுங்க. ஒண்ணு போட்டா இந்திக்காரங்க 'பரி'ன்னு படிச்சிடுவாங்க, அது அவங்க ஊர்ல பொம்பளப் புள்ளைக்கு வைக்கிற பேரு. பர்த் சர்டிபிகேட்ல போட்ட அதே ஸ்பெல்லிங்தான் ஆதார், ஸ்கூல் எல்லாத்துலயும் வரணும், இப்பவே முடிவு பண்ணிக்கோங்க.